படிவத்தில் விடுபட்ட ஒரு வரி

(கல்வி, அறிவியல் துறைகளில் பணியாற்றும் கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2021 ஜூன் மாதம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகர நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. குற்றம்சாட்டப்பட்டவர் டென்னசி பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர் அன்மிங் ஹூ. சீனாவில் பிறந்து கனடாவின் குடிமகனானவர். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் நிதியில் ஆய்வு செய்துவந்த அவர், பெய்ஜிங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் தமக்கிருந்த தொடர்பை மறைத்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் உளவு பார்த்ததாக வழக்கில் ஒரு சொல்கூட இல்லை.

சாட்சியம் அளித்த எஃப்.பி.ஐ. அதிகாரி குறுக்கு விசாரணையில் பலவற்றை ஒப்புக்கொண்டார். ஹூ சீன இராணுவத்துடன் தொடர்புடையவர் என்று பல்கலைக்கழக நிர்வாகத்திடம் கூறியது பொய். விமானத்தில் பறக்கத் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் அவரது பெயரைச் சேர்க்கத் தரப்பட்ட தகவலும் பொய். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் பின்தொடரப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு படித்துவந்த அவருடைய மகனையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவுக்காக உளவு பார்க்குமாறு அவரையே தூண்ட முயன்றதும் வெளிவந்தது. நடுவர் குழு ஒருமித்த முடிவுக்கு வர இயலாமல் கலைந்தது. அரசு மறு விசாரணை கோரியது. செப்டம்பர் 9 அன்று நீதிபதி தாமஸ் வார்லன் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவரை விடுவித்தார். அதற்குள் கைது, ஓராண்டுக்கு மேற்பட்ட வீட்டுக்காவல், வேலையிழப்பு அனைத்தையும் அவர் அனுபவித்து முடித்திருந்தார்.

ஒரு படிவத்தில் ஒரு வரி விடுபட்டதா என்ற கேள்வி எவ்வாறு குற்றவியல் வழக்காக மாறியது என்பதே இந்த உரையின் பொருள். வெளிப்படைத்தன்மையைக் கோருவது எப்போதும் இடதுசாரிகளின் முழக்கம். அதே முழக்கத்தை ஆளும் வர்க்கம் கையிலெடுக்கும்போது, அதன் முனை யாரை நோக்கித் திரும்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் விதிகளைப் பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அடிப்படை ஆராய்ச்சிக்கான பணத்தில் பெரும்பங்கு வாஷிங்டனிலுள்ள கூட்டாட்சி அரசிடமிருந்து வருகிறது. மருத்துவ ஆய்வுக்குத் தேசிய சுகாதார நிறுவனம், பிற அறிவியல் துறைகளுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, இவை தவிர எரிசக்தித் துறை, பாதுகாப்புத் துறை, நாசா ஆகியவை நிதி வழங்குகின்றன. விண்ணப்பிக்கும் ஆய்வாளர் தாம் வகிக்கும் பதவிகள் எவை, நடப்பிலும் பரிசீலனையிலும் உள்ள வேறு நிதியுதவிகள் எவை என்று அறிவிக்க வேண்டும். ஒரே ஆய்வுக்கு இரண்டு இடங்களில் பணம் வாங்குவதைத் தடுப்பது, ஒருவரே பத்து வேலைகளை ஒப்புக்கொண்டு எதையும் செய்யாமல் விடுவதைத் தடுப்பது, ஆய்வின் முடிவில் தனிப்பட்ட ஆதாயம் குறுக்கிடுகிறதா என்று அறிவது ஆகியவை இதன் நோக்கங்கள். மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் ஆய்வு மக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் நடைமுறையில் பல்லாண்டுகள் இந்தப் படிவங்கள் ஒரு சடங்காகவே நிரப்பப்பட்டன. ஊதியமற்ற வருகைதரு பேராசிரியர் பதவியை எழுத வேண்டுமா? தமது நாட்டு அரசின் உதவித்தொகையில் ஆய்வகத்திற்கு வரும் மாணவர் ‘நிதியுதவி’ ஆவாரா? கோடை விடுமுறையில் வெளிநாட்டில் நடத்திய வகுப்பு ‘பதவி’ ஆகுமா? தெளிவான விடை இல்லை. துறைக்குத் துறை விதி மாறியது. மேலும், வெளிநாட்டுத் தொடர்பு அந்நாட்களில் பெருமைக்குரிய ஒன்றாக இருந்தது. பல்கலைக்கழகத் தலைவர்களே சீனாவுக்குப் பறந்து ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டு, புகைப்படங்களை ஆண்டறிக்கையில் அச்சிட்டனர்.

2018இல் காற்று திசை மாறியது. டிரம்ப் அரசு சீனப் பொருட்கள் மீது வரி விதித்து வணிகப் போரைத் தொடங்கிய ஆண்டு அது. ஆகஸ்டில் தேசிய சுகாதார நிறுவனம் தன்னிடம் நிதி பெறும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நவம்பரில் நீதித்துறை ‘சீன முன்முயற்சி’ என்ற திட்டத்தை அறிவித்தது. ஒரு நாட்டின் பெயரையே தாங்கிய குற்றவியல் திட்டம் அது. தொழில் இரகசியத் திருட்டையும் பொருளாதார உளவையும் ஒடுக்குவது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. விளைந்தது என்ன? 2021 டிசம்பரில் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவியூ இதழ் 77 வழக்குகளையும் குற்றம்சாட்டப்பட்ட 148 பேரையும் ஆராய்ந்தது. அவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் சீன வம்சாவளியினர். பொருளாதார உளவுச் சட்டத்தின்கீழ் தொடரப்பட்ட வழக்குகள் நான்கில் ஒரு பங்கு மட்டுமே. உளவாளிகள் கிடைக்காத இடத்தில் படிவங்கள் கிடைத்தன. படிவத்தில் விடுபட்ட வரி ‘பொய்க் கூற்று’ ஆயிற்று. அதற்கு ஐந்தாண்டு வரை சிறை. அந்தப் படிவம் மின்வழியில் அனுப்பப்பட்டதால் அது ‘மின்தொடர்பு மோசடி’யும் ஆயிற்று, அதற்கு இருபதாண்டு வரை சிறை.

நீதிமன்றப் படியேறியவர்களைவிட ஓசையின்றி வீழ்த்தப்பட்டவர்களே அதிகம். தேசிய சுகாதார நிறுவனம் தனித்தனி ஆய்வாளர்களைப் பற்றி அவர்களுடைய பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் எழுதியது. நிதி நின்றுபோகும் என்ற அச்சத்தில் நிர்வாகங்கள் நடவடிக்கை எடுத்தன. 2023 மார்ச்சில் ‘சயின்ஸ்’ இதழ் வெளியிட்ட கணக்கின்படி, இவ்வாறு கேள்விக்குள்ளான 246 பேரில் 103 பேர் வேலையிழந்தனர். 81 விழுக்காட்டினர் தம்மை ஆசிய இனத்தவராகக் குறிப்பிட்டவர்கள். அவர்களுக்குக் குற்றப்பத்திரிகையும் இல்லை, நீதிபதியும் இல்லை; மேல்முறையீடு செய்ய ஓர் இடமும் இல்லை. தொழிற்சங்க அனுபவமுள்ள தோழர்களுக்கு இந்த முறை புதிதாக இராது. முதலாளி நேரடியாக வெளியேற்றாமல் ஒப்பந்தக்காரர் மூலம் வெளியேற்றும் பழைய உத்திதான்.

எம்.ஐ.டி. பேராசிரியர் காங் சென்னின் வழக்கு இன்னொரு உண்மையை வெளிக்கொணர்ந்தது. டிரம்ப் பதவி விலகுவதற்குச் சில நாட்களே இருந்தபோது, 2021 ஜனவரி 14 அன்று அவர் கைது செய்யப்பட்டார். சீனாவிலிருந்து கோடிக்கணக்கான பணம் பெற்றார் என்று அரசு வழக்கறிஞர்கள் செய்தியாளர்களைக் கூட்டி அறிவித்தனர். அதில் முதன்மையான தொகை ஷென்ஜென் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று எம்.ஐ.டி. நிறுவனத்துடன் செய்துகொண்ட 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தைச் சார்ந்தது. பேராசிரியரின் பைக்குப் போனதன்று. இதை நிறுவனத்தின் தலைவரே எழுத்தில் உறுதி செய்தார். ஓராண்டு கழித்து, அவர் எழுதாமல் விட்டதாகக் கூறப்பட்ட விவரங்களை எழுதுமாறு எரிசக்தித் துறை கேட்கவே இல்லை என்பது தெரியவந்தது. 2022 ஜனவரி 20 அன்று வழக்கு கைவிடப்பட்டது. நிறுவனம் கையெழுத்திட்டால் கூட்டுறவு, ஊழியர் கையெழுத்திட்டால் குற்றம்! கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க்ளின் தாவோ இன்னும் நீண்ட வழி நடந்தார். 2019இல் கைதான அவர் மீது எஞ்சியிருந்த கடைசித் தண்டனைத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூலையில்தான் நீக்கியது. அவரது அறிவிப்பு நிதி வழங்கும் முடிவை எவ்விதத்திலும் பாதித்திருக்காது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் குற்றமற்றவர்கள் அல்லர். ஹார்வர்டு வேதியியல் துறைத் தலைவராக இருந்த சார்லஸ் லீபர், வூஹான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடன் மாதம் 50,000 டாலர் வரையிலான ஒப்பந்தம் வைத்திருந்தார். விசாரணை அதிகாரிகள் கேட்டபோது பொய் சொன்னார், வரியும் கட்டவில்லை. 2021 டிசம்பரில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. இத்தகைய மறைப்பை ஆதரிக்க இடதுசாரிகளுக்கு எந்தக் காரணமும் இல்லை. சீனாவின் பெயரால் நடந்தது என்பதற்காக அது முற்போக்கானதாகிவிடாது. ஏகாதிபத்திய எதிர்ப்பு என்பது ஒவ்வொரு பேராசிரியரின் வங்கிக் கணக்குக்கும் காவல் நிற்பதன்று.

கேள்வி அளவுகோலைப் பற்றியது. 2008இல் அமெரிக்க செனட் விசாரணை ஒன்று எமோரி பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறைத் தலைவரைப் பற்றி வெளியிட்ட தகவலை நினைவுகூர்வது பொருத்தம். 2000 முதல் 2007 வரை மருந்து நிறுவனங்களிடமிருந்து அவர் பெற்றது 28 இலட்சம் டாலருக்கு மேல். அதில் குறைந்தது 12 இலட்சம் டாலரைத் தம் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவிக்கவில்லை. அதே காலத்தில் அவர் பொதுநிதியில் மருந்து ஆய்வும் நடத்திவந்தார். பின்தொடர்ந்த எஃப்.பி.ஐ. அதிகாரி இல்லை; விடியற்காலைக் கைது இல்லை. தலைமைப் பதவியை இழந்தார். அடுத்த ஆண்டே வேறொரு பல்கலைக்கழகத்தில் அதே பதவிக்கு நியமிக்கப்பட்டார். நோயாளி விழுங்கும் மாத்திரையை நேரடியாகத் தொடும் அந்த மறைப்பு ‘நெறிமுறைச் சிக்கல்’ எனப்பட்டது. பெய்ஜிங்கில் பகுதிநேர வகுப்பு எடுத்ததை எழுதாதது ‘தேசப் பாதுகாப்பு’ ஆயிற்று. 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டம் பொதுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளுக்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்று நிறுவனங்களுக்கு விற்க வழி திறந்தது. ஆராய்ச்சியைத் தனியார் எடுத்துச் செல்வது சட்டப்படியான வணிகம். சீனர் கற்றுக்கொண்டு செல்வது மட்டும் திருட்டு என்பதே இந்த ஒழுங்கின் உள்ளுறை.

பழைய வரலாறு இதைவிடக் கசப்பானது. 1949–50இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் தன் ஆசிரியர்களிடம் கம்யூனிச எதிர்ப்பு உறுதிமொழி கேட்டது. கையெழுத்திட மறுத்த 31 பேராசிரியர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதே 1950இல் ராக்கெட் விஞ்ஞானி சியென் சூசெனின் பாதுகாப்பு அனுமதி பறிக்கப்பட்டது. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தை நிறுவியவர்களில் ஒருவர் அவர். ஐந்தாண்டு கண்காணிப்பில் வைத்து, 1955இல் சீனாவுக்கு அனுப்பினார்கள். அங்கே சென்று சீன ஏவுகணைத் திட்டத்தை உருவாக்கியவரும் அவரே. லீபரும் தண்டனைக்குப்பின் 2025இல் ஷென்ஜென் நகரில் பேராசிரியர் பொறுப்பேற்றார். எழுபது ஆண்டுகளில் வாஷிங்டன் இதிலிருந்து எதையும் கற்றதாகத் தெரியவில்லை.

கற்றிருந்த ஒரு தருணமும் உண்டு. 1985இல், சோவியத் எதிர்ப்பு உச்சத்திலிருந்தபோது, ரீகன் அரசே ஓர் ஆணை பிறப்பித்தது. அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகள் இயன்றவரை கட்டுப்பாடின்றி இருக்க வேண்டும். காக்க வேண்டியது ஏதேனும் இருந்தால் அதை முறைப்படி இரகசியம் என வகைப்படுத்த வேண்டும் என்றது அது. அதாவது இரகசியத்தைச் சுற்றி வேலி போடலாம், விஞ்ஞானியைச் சுற்றிப் போடக்கூடாது. அந்த ஆணை இன்றும் நீக்கப்படவில்லை.

ஆயினும் அதற்கு நேர்மாறான சட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. 2011 முதல் நாசாவின் நிதி ஒதுக்கீட்டில் இடம்பெறும் உல்ஃப் திருத்தம், சீனாவுடன் இருதரப்பு ஒத்துழைப்புக்கு அந்நிதியைப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. 2013இல் கெப்ளர் விண்தொலைநோக்கி பற்றிய மாநாட்டுக்கு வர விரும்பிய சீன வானியலாளர்கள் இதைக் காட்டித் தடுக்கப்பட்டனர். அமெரிக்க வானியலாளர்கள் சிலர் தாமும் வரமாட்டோம் என்று அறிவித்த பின்னரே தடை விலக்கப்பட்டது. 2020 டிசம்பரில் சாங்-5 விண்கலம் நிலவின் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவந்தது. அதைக் கேட்டு விண்ணப்பிக்க நாசா நிதியில் இயங்குவோர் தனி அனுமதி பெறவேண்டியிருந்தது. 2021 ஜனவரியில் பிறப்பிக்கப்பட்ட அதிபர் ஆணை எல்லாத் துறைகளிலும் அறிவிப்பு விதிகளை இறுக்கியது. பைடன் அரசு அதைக் கைவிடவில்லை, செயல்படுத்தியது. 2022 ஆகஸ்டின் சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம், சீனா, ரஷ்யா, ஈரான், வடகொரியா ஆகிய நாடுகளின் ‘தீய நோக்குடைய’ திறமையாளர் சேர்ப்புத் திட்டங்களில் பங்கேற்போருக்குக் கூட்டாட்சி ஆராய்ச்சி நிதி கிடையாது என்றது. ஆண்டுக்கு 5 கோடி டாலருக்கு மேல் கூட்டாட்சி நிதி பெறும் நிறுவனங்கள் ‘ஆராய்ச்சிப் பாதுகாப்பு’க்கெனத் தனி அமைப்பை நிறுவ வேண்டும்.

புதிய விதிகளால் ஒரு நன்மை உண்டு: எதை எழுத வேண்டும் என்பது முன்னைவிடத் தெளிவாகியிருக்கிறது. கூட்டாகக் கட்டுரை வெளியிடுவதும் மாநாட்டில் பேசுவதும் பொதுவாகத் தடை செய்யப்படவில்லை என்று சட்டமே கூறுகிறது. ஆனால் அச்சத்துக்குச் சட்டப்பிரிவு படிக்கத் தெரியாது. 2023இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான கருத்தாய்வில், சீன வம்சாவளி ஆசிரியர்கள் சுமார் 1,300 பேர் பங்கேற்றனர். ஆய்வாளராகத் தமக்குப் பாதுகாப்பில்லை என்று 72 விழுக்காட்டினர் கூறினர். 61 விழுக்காட்டினர் நாட்டைவிட்டு வெளியேற நினைத்ததுண்டு என்றனர். 45 விழுக்காட்டினர் கூட்டாட்சி நிதிக்கு விண்ணப்பிப்பதையே தவிர்க்க எண்ணினர்.

இந்த அச்சத்தால் இழக்கப்படுவது எது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். 1990களில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையமும் பெய்ஜிங் மருத்துவப் பல்கலைக்கழகமும் இணைந்து, சீனாவில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பெண்களிடையே ஓர் ஆய்வு நடத்தின. கருவுறும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால், குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் குறையுடன் உருவாகும் வாய்ப்பு பெருமளவு குறையும் என்று 1999இல் வெளியான அதன் முடிவு காட்டியது. அத்தகைய குறைகள் மிகுந்திருந்த வடசீனப் பகுதியில் கருவுறும் முன்பிருந்தே உட்கொண்ட பெண்களிடையே குறைவு 79 விழுக்காடு. இந்தியாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் வாங்கிச் செல்லும் மாத்திரையிலும் இருப்பது அதே ஃபோலிக் அமிலம்தான். அந்த ஆய்வில் எது அமெரிக்க அறிவு, எது சீன அறிவு என்று பிரித்துக் காட்ட எந்த வழக்கறிஞராலும் இயலாது.

சீன முன்முயற்சி தானாக முடியவில்லை. காங் சென் கைதானதும் எம்.ஐ.டி. ஆசிரியர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ‘நாங்கள் எல்லோரும் காங் சென்’ என்று கையெழுத்திட்டு முன்வந்தனர். 2021 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர்கள் 177 பேர் திட்டத்தையே கைவிடக் கோரினர். பிற பல்கலைக்கழகங்களிலிருந்து பெருந்திரளானோர் அதில் இணைந்தனர். ஆசிய அமெரிக்க அமைப்புகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடின. 2022 பிப்ரவரி 23 அன்று நீதித்துறை அந்தப் பெயரைக் கைவிட்டது. பெயரைத்தான். 2024 செப்டம்பரில் அதை உயிர்ப்பிக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் டிரம்ப் அரசு ஹார்வர்டுக்கான 220 கோடி டாலர் நிதியை முடக்கியது. அதே மாதம், வெளிநாட்டு நன்கொடைகளைச் சரியாக அறிவிக்கவில்லை என்று கூறி அப்பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைக் கேட்டது. 2,50,000 டாலரும் அதற்கு மேற்பட்டதுமான வெளிநாட்டுப் பணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்ற 1986ஆம் ஆண்டுச் சட்டம், அடிபணியாத ஒரு நிறுவனத்தை மடக்கும் கருவியாகக் கையாளப்பட்டது. நிதி முடக்கம் சட்டவிரோதம் என்று செப்டம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீன மாணவர்களின் விசாக்களைத் தீவிரமாக இரத்து செய்வோம் என்று மே மாதம் அறிவித்த அதே அரசு, ஆகஸ்டில் ஆறு இலட்சம் சீன மாணவர்கள் வரலாம் என்றது. கல்விக் கட்டணத்துக்குத் தேசப் பாதுகாப்பு இல்லை போலும்.

இந்தியக் கட்சி உறுப்பினர்கள் இதை அந்நிய நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டு நகர இயலாது. 2025 மே மாதம் தேசிய சுகாதார நிறுவனம், அமெரிக்க நிறுவனங்கள் வழியாக வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் செல்லும் துணை நிதிகளைப் புதிதாக வழங்குவதை நிறுத்தியது. கணக்கு வைப்பு சரியில்லை, பாதுகாப்புக் கவலை உண்டு என்பவை காரணங்கள். காசநோய், எச்.ஐ.வி. ஆய்வுகளில் இந்தியா உள்ளிட்ட வளரும் நாடுகளின் மருத்துவமனைகளும் நோயாளிகளும் பங்குபெறுவது பெரும்பாலும் இத்தகைய துணை நிதிகளின் வழியாகத்தான்.

மோடி அரசும் அதே பள்ளியில் பாடம் படிக்கிறது. 2019 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு, சீன நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்யுமுன் உள்துறை, வெளியுறவு அமைச்சகங்களின் அனுமதி பெற வேண்டும் என்றது. 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, பெற்ற நிதியை இன்னொரு அமைப்புடன் பகிர்ந்துகொள்வதே தடை செய்யப்பட்டது. கள ஆய்வு செய்யும் சிறு அமைப்புகள் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்து பணியாற்றும் வழி இதனால் அடைபட்டது. கொள்கை ஆய்வு மையத்தின் உரிமம் 2024 ஜனவரியில் இரத்தானது.

வெளிப்படைத்தன்மையின் பெயரால் இவை நடந்த அதே ஆண்டுகளில், அரசியல் கட்சிகளுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மறைக்கத் தேர்தல் பத்திரங்கள் புழங்கின. வெளிநாட்டு நிறுவனங்களின் இந்தியக் கிளைகள் கட்சிகளுக்குப் பணம் தருவதற்கு வசதியாக, நன்கொடைச் சட்டமே 1976 முதல் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்டது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர்களில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியும் உண்டு. 2024 பிப்ரவரி 15 அன்று பத்திரத் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பு வந்தது. ஆய்வாளர் ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குத் தர வேண்டும், பெருநிறுவனம் தர வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாட்டுக்கும் எமோரியில் கண்டதற்கும் அதிக தூரமில்லை.

ஆகவே பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களிலும் ஆய்வு மாணவர் அமைப்புகளிலும் பணியாற்றும் தோழர்கள் இப்பிரச்சினையை எடுக்கும்போது, அறிவிப்பு விதிகளே வேண்டாம் என்ற தாராளவாதக் குரலோடு குரல் சேர்க்க வேண்டியதில்லை. எல்லா நாட்டுப் பணத்துக்கும் ஒரே விதி இருக்கட்டும். மருந்து நிறுவனம், ஆயுத நிறுவனம், உள்நாட்டு முதலாளி ஆகியோரின் பணமும் அதே படிவத்தில் இடம்பெறட்டும். எதை எழுத வேண்டும் என்பது முன்கூட்டியே அச்சில் இருக்க வேண்டும். விடுபட்டதைத் திருத்த வாய்ப்பு வேண்டும். தவறு செய்தவர் மீது பல்கலைக்கழக விசாரணை நடக்கட்டும், அங்கே சங்கப் பிரதிநிதி உடனிருக்க வேண்டும், மேல்முறையீடு வேண்டும். காவல்துறைக்கு வகுப்பறையில் வேலையில்லை.

இதற்கு முன்னுதாரணம் இந்தியாவிலேயே இருக்கிறது. 2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம், அரசுப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் இணையவழிப் பன்னாட்டுக் கருத்தரங்குகளுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. எல்லை, வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர் மட்டுமல்ல, ‘இந்தியாவின் உள்விவகாரம்’ என்று தெளிவாகத் தோன்றும் எந்தப் பொருளும் தடைக்குரியது என்றது அந்த உத்தரவு. ஊரடங்கில் இணையம் ஒன்றே வழியாக இருந்த நாட்கள் அவை. அறிவியல் கழகங்கள் எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவித்தன. ஆசிரியர் அமைப்புகள் கண்டித்தன. பிப்ரவரி முடிவதற்குள் உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.